பத்து மணிக்குப் பூட்டும் பூங்கா

எங்கள் தெருமுனைப் பூங்காவைக் காலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள், பத்து மணிக்குப் பூட்டுவார்கள். மறுபடி நாலு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பது வரை இருக்கும். சென்னைக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது, சின்ன வயதிலிருந்து நாம் பார்த்த பல பூங்காக்கள் இப்படித்தான். கோயிலில் உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்துகிற மாதிரி இதையும் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பிறகு மத்தியான நேரங்களில் பால்கனியிலிருந்து அந்தப் பூங்காவைப் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது, அன்றிலிருந்து அந்தப் பூட்டு என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன், நலச்சங்கத்தில் பேசிப் பார்த்தேன், அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெசன்ட் நகர் முடிந்து திருவான்மியூர் தொடங்குகிற பகுதி எங்களுடையது. கடல் நாலைந்து தெரு தள்ளி இருக்கிறது. பூங்கா சின்னது, ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்று நடந்துவிடலாம். எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை, கூழாங்கல் பதித்த இன்னொரு பாதை, ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவிகள். இந்தக் கருவிகளுக்கும் கம்பி வேலிக்கும் எத்தனை தடவை பச்சை பெயின்ட் அடித்தாலும் உப்புக்காற்று உள்ளே புகுந்து துருவைக் கிளப்பிவிடும், ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தால் குழந்தைகளின் கையில் செம்பழுப்பாக ஒட்டும். இதையெல்லாம் விட அந்தப் பூங்காவில் மதிப்புள்ளது மரங்கள்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இங்கே இருந்த தூங்குமூஞ்சி மரமும் குல்மோஹர்களும் வேரோடு சாய்ந்தன. புன்னை நின்றது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம் புன்னை என்பது பலருக்குத் தெரியும், அது இந்தக் கடற்கரையின் சொந்த மரம், உப்பும் மணலும் பெருங்காற்றும் அதற்குப் புதிதில்லை. வர்தாவுக்குப் பிறகு இங்கே நட்டதெல்லாம் புன்னை, பூவரசு, புங்கம். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு நின்ற நாட்களிலும், இங்கே வேலை செய்யும் அம்மாக்கள் அந்தக் கன்றுகளுக்கு வாளியில் கொண்டுவந்து ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். இன்று அவை தலைக்கு மேல் கூரை போட்டு நிற்கின்றன. அந்த நிழல் மக்கள் பணத்திலும் அவர்களின் உழைப்பிலும் வளர்ந்தது.

அந்த நிழல் முழுசாகக் கிடைக்கிற நேரத்தில்தான் பூங்கா பூட்டிக் கிடக்கிறது.

காற்று வரும் நேரம்

மே மாதத்தில் சென்னையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உடம்பே சொல்லிவிடும். காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று, வறண்டது, நேரம் ஆக ஆக அனலாகும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடேற, நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வரும். முதலில் கடலோரத் தெருக்களுக்கு, அப்புறம் மெதுவாக நகரத்தின் உட்பகுதிகளுக்கு. மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாட்களில் அது தாமதிக்கும், அந்த நாட்களில்தான் நகரம் கொதிக்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை இன்றும் பேசுகிறோம். ஆக, எங்கள் பூங்கா மாதிரி கடலை ஒட்டிய ஓர் இடத்துக்கு இயற்கை கொடுத்திருக்கிற பெரிய சலுகை மத்தியானக் கடற்காற்று. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் புன்னை இலைகள் அசையத் தொடங்குவதை என் பால்கனியிலிருந்து பார்க்கலாம். அதன் கீழே பூங்கா ஊழியர்களைத் தவிர ஒரு ஆள் இருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோல், கடலோர ஊர்களுக்கு அது 37. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே டிகிரி இங்கே உடம்பை அதிகம் வாட்டும். அப்படிப்பட்ட ஊரில் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் மருந்துக்குச் சமம். 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல் என்றால் பள்ளிக்கூடத்தைத் திறந்து மக்களைத் தங்கவைக்கிறோம். வெயில் பேரிடர் என்றால் திறக்க வேண்டிய முதல் இடம் எது என்று நினைக்கிறீர்கள்?

மதிலுக்கு வெளியே

ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் இருக்கும், மே மாதம் முழுக்க உச்சிக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் மத்தியானம் மதிலுக்கு நிழலே கிடையாது. மரத்தின் நிழலும் மரத்துக்கு நேர் கீழே, அதாவது பூங்காவுக்கு உள்ளேதான் விழும். மதிலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு புங்கங்கிளையின் நிழல் மட்டும் நடைபாதையில் ஒரு பாய் அகலத்துக்குக் கிடக்கும். அந்த ஒரு பாய் அகலத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டு வேலை செய்யும் பெண்கள். எங்கள் பகுதிக்கு வேலைக்கு வருகிறவர்களில் ஒரு பங்கு பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலிருந்தும் வருபவர்கள், அவர்கள் நடந்து வீடு போய்விடுவார்கள். இன்னொரு பங்கு கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்கள். ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் நகரத்துக்குள் இருந்தவர்களைத்தான் அங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள், வீடு தள்ளிப் போனது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் வந்ததில் பஸ் காசு மிச்சம், ஆனால் நேரம் மிச்சமாகவில்லை. காலை வேலை பதினொன்றுக்குள் முடியும், சாயந்திர வேலை மூன்றரைக்குத்தான் ஆரம்பிக்கும். நடுவில் கண்ணகி நகர் போய்த் திரும்பினால் பாதி நேரம் சாலையிலேயே போய்விடும். அதனால் இங்கேயே காத்திருக்கிறார்கள். வேலை செய்கிற வீட்டில் மத்தியானம் தங்க முடியாது, அங்கே அது தூங்குகிற நேரம்.

அப்புறம் டெலிவரி தம்பிகள், ஆர்டர் வரும் வரை வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள், சீட்டே கொதிக்கும். பழைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிற வேலை எங்கள் பக்கம் ஓய்வதே இல்லை, அதில் வேலை செய்யும் சித்தாள்கள் சாப்பாட்டு நேரத்தில் வருவார்கள். எதிரே இஸ்திரி வண்டிக்காரர், அவருக்கு வெயில் ஒரு பக்கம், கரிப்பெட்டியின் சூடு இன்னொரு பக்கம். இவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு பாய் நிழல். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், பூங்காவில் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கள் புன்னைக்குக் கீழே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அவர்கள் சொம்பில் தண்ணீர் மொண்டு கம்பி இடுக்கு வழியாக வெளியே நீட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஊர், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்.

ஏன் பூட்டுகிறோம் என்று கேட்டால்

நலச்சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது காரணங்கள் வரிசையாக வந்தன. பராமரிப்பு வேலை நடக்கும் என்றார் ஒருவர். பராமரிப்பு காலையிலேயே முடிந்துவிடுகிறது, உச்சி வெயிலில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் என்பது தோட்டம் வைத்த யாருக்கும் தெரியும். காதல் ஜோடிகள் வந்து உட்காருவார்கள் என்றார் இன்னொருவர். உட்காரட்டுமே, அவர்களுக்கும் இந்த ஊரில் வெயில்தானே அடிக்கிறது. குடிக்க வருவார்கள் என்பது மூன்றாவது. இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் தெருவில் குடித்துவிட்டு நடக்கும் ரகளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் இரவு ஒன்பதுக்கு மேல், பூங்கா பூட்டிய பிறகு, மதிலோரத்து இருட்டில் நடக்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கிற நேரத்துப் பூங்காவில் நடக்கவில்லை.

மதிக்க வேண்டிய காரணம் ஒன்றே ஒன்றுதான், அதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. வாட்ச்மேன் ஒரே ஆள். காலை ஐந்து மணிக்குத் திறப்பவரும் அவர், இரவு ஒன்பதுக்குப் பூட்டுபவரும் அவர். நடுவில் அந்த ஆறு மணி நேரம்தான் அவருக்கு ஓய்வு. "மத்தியானமும் திறந்து வைக்கலாமே அண்ணே" என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், "திறந்து வைக்கலாம் சார், நான் எப்ப கண்ணை மூடுறது?" அவர் வீடு தூரம், மத்தியானம் போய்வர முடியாது, பூட்டைப் போட்டுவிட்டு உள்ளேயே மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார். வெளியே காத்திருக்கிற பெண்களுக்கு என்ன பிரச்சினையோ அதே பிரச்சினைதான் அவருக்கும். இன்னொரு ஆள் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது. ஒரு சம்பளம். வருஷா வருஷம் அதே துருவின் மேல் பெயின்ட் அடிக்கக் காசு ஒதுக்க முடிகிறது என்றால் இதற்கும் ஒதுக்க முடியும்.

மோட்டார் ரிப்பேரான நாள்

இந்த விவாதமெல்லாம் வெறும் பேச்சாகவே போயிருக்கும். கத்திரி வெயில் நேரத்தில் ஒருநாள் பூங்காவின் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. ஆட்கள் வந்து குழாயை வெளியே உருவத் தொடங்கினார்கள். உருவின குழாய்களை வைக்க உள்ளே இடம் போதாமல் வாசல் வரைக்கும் நீட்டிப் போட, இரண்டு கதவுகளும் அகலத் திறந்தபடி நின்றன. மணி பதினொன்றரை இருக்கும்.

யாரும் உடனே உள்ளே போகவில்லை. புங்கங்கிளைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் கதவைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்படியே இருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் ஒருத்தர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார், ஆறேழு வயதிருக்கும். அந்தப் பிள்ளைதான் எழுந்து குழாய்களைத் தாண்டி ஊஞ்சலுக்கு ஓடியது. "ஏய், வாடி இங்க" என்று அம்மா பின்னாலேயே போனார். போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், அப்புறம் எல்லோரும். நானும் இறங்கிப் போனேன்.

அந்த மத்தியானம் அங்கே நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் பேசிய பயங்களுக்கெல்லாம் பதில் அதில் இருக்கிறது. சாப்பிட்டார்கள். புளிசாதமோ என்னவோ, மூடியில் போட்டுப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். மோட்டார் இல்லாததால் குழாயில் தண்ணீர் வரவில்லை, கொண்டுவந்த பாட்டிலிலேயே கை கழுவினார்கள். எங்கள் பெஞ்சுகளின் நடுவில் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள், யாரும் படுக்கக் கூடாது என்பதற்காகவே. ஒரு அக்கா அந்தக் கம்பியில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தபடியே தூங்கிப் பார்த்தார், முடியாமல் கீழே மணலில் முந்தானையை விரித்துப் படுத்தார். டெலிவரி தம்பி ஒருவர் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து, போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்தார், மணி அடித்ததும் எழுந்து ஓடினார், கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார். எங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். அன்று பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லை, வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்றார். அவரும் அந்த அக்காவும் பத்தடி இடைவெளியில் ஒரே மரத்தின் கீழே இருந்தார்கள். காற்று வந்தது. வெயிலுக்கும் நிழலுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று தோலுக்குத் தெரிகிற மாதிரி வந்தது.

ஊஞ்சல் பிள்ளையின் அம்மாவோடு பேசினேன். விடியற்காலையில் கண்ணகி நகரில் பஸ் ஏறுகிறார், இங்கே மூன்று வீடு. மற்ற நாட்களில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். "கோயில்ல இருப்போம் சார், பன்னண்டு மணிக்குச் சாத்திடுவாங்க. அப்புறம் பஸ் ஸ்டாப்பு. பீச்சுல போய் உக்கார முடியாது, மணல்ல கால் வைக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "உக்கார்றதக் கூட விடுங்க, பாத்ரூம்தான் சார் கஷ்டம்" என்றார். வேலை செய்கிற வீடுகளில் கழிப்பறையைப் பயன்படுத்த விடுவதில்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். மே மாதத்தில், இந்த ஈரக்காற்றில், நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிற ஒருவர், பூட்டியிருக்கும் ஒரு கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். பூங்காவுக்குள் கழிப்பறை இருக்கிறது. அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி, அந்தச் சாவி வாட்ச்மேனிடம்கூட எப்போதும் இருப்பதில்லை. அதுவரைக்கும் நிழலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் விஷயமே வேறாகிவிட்டது.

நாலு மணிக்கு வாக்கிங் வருபவர்கள் வந்தார்கள். "யாருப்பா இவங்களையெல்லாம் உள்ள விட்டது?" என்று வாசலிலேயே ஒரு குரல். வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் அதற்குள் போயிருந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே எழுந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன், ஒரு பருக்கை இல்லை. மறுநாள் புது மோட்டார் வந்தது, கதவுக்கு ஒரு புதுச் சங்கிலியும் வந்தது.

இப்போது

இந்த ஊரால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. 2025-இல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காகக் குளிர்சாதன வசதியோடு ஓய்வறை ஒன்றைத் திறந்தார்கள். நல்ல காரியம், இன்னும் பல வர வேண்டும். ஆனால் அந்த மாதிரி அறை எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கடற்காற்று இருக்கிறது, மரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, கழிப்பறையும் கட்டியிருக்கிறது. பாக்கி இருப்பது இரண்டு பூட்டுகளும் ஒரு ஆளின் சம்பளமும்.

வாக்கிங் வரும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். கரண்ட் இல்லாத அன்று மரத்தடியில் உட்கார்ந்த பெரியவர் மனுவில் கையெழுத்துப் போட்டதோடு, தன் மாடியில் இருப்பவர்களிடமும் வாங்கித் தருகிறேன் என்றார். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில், அதாவது மாநகராட்சி வார்டில் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், இந்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். பெஞ்சுக் கம்பியை எடுப்பது, குடிதண்ணீர்க் குழாய் போடுவது எல்லாம் அதில் இருக்கிறது, அவை தாமதமானாலும் பரவாயில்லை. முதல் வரியில் எழுதியிருப்பது இரண்டு விஷயங்கள்தான். கழிப்பறையைக் காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை திறந்து வைக்க வேண்டும். மத்தியான வேளைக்கு இன்னொரு வாட்ச்மேனைப் போட வேண்டும், முடிந்தால் அந்த வேலையை ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியிலும் பூங்கா இருந்தால் ஒருநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள், கதவு பூட்டியிருந்தால் வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, நீங்களும் ஒரு மனு எழுதுங்கள்.